தோரிபியோவின் சாட்சி

எல் கார்மென், சிஞ்சா
ஜூலை 9

அன்புள்ள லெயோன்சியோ,

நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். பாதிதான் நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். உன் தங்கை பெர்த்தாவுக்கு இருமல் நின்றுவிட்டது, மாதா திருவிழாவுக்கு ஊரே சாப்பிடும் அளவு காரபுல்க்ரா சமைக்கப் போவதாக உலர்ந்த உருளைக்கிழங்கை மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறாள். அபெலார்தோ மாமா சதுக்கத்தில் நம் முன்னோர் தோரிபியோவுக்குக் கல்வெட்டு வைக்கிறார், நாட்டின் விடுதலைக்காகப் போரிட்டுத் தன் விடுதலையையும் வென்ற வீரர் என்று. வாசகம் நான் எழுத வேண்டுமாம். "படிச்சவ நீ ஒருத்திதானே, நாலு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்" என்கிறார். மூன்று வாரமாக எழுதவில்லை. காரணத்தை முதலில் உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போவதாக எழுதியிருக்கிறாய்: ஏதோ ஒரு நாட்டின் போரில் மூன்று வருடம் துப்பாக்கி தூக்கினால் அந்த நாட்டுக் குடியுரிமை, இப்போதுபோல மாட்ரிட்டில் காகிதம் இல்லாமல் ஒளிந்து வேலை செய்ய வேண்டாம் என்று.

தோரிபியோ நீதிமன்றத்தில் கொடுத்த மனு லிமா ஆவணக் காப்பகத்தில் எனக்குக் கிடைத்தது. எழுத்தர் எழுதியதுதான், ஆனாலும் சில இடங்களில் அவர் பேச்சு அப்படியே கேட்கிறது. இருநூறு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு கரும்புப் பண்ணையின் அடிமை. போர் முடியும்வரை நிற்பவனுக்கு விடுதலை என்று குடியரசுப் படை பண்ணை வாசலில் முரசடித்துச் சொன்னது, அவர் போனார். அதற்கு இரண்டு வருடம் முன்பே எதிர்த்தரப்பான அரசர் படையும் அதே வாசலில் அதே வாக்கைக் கொடுத்து ஆள் சேர்த்திருந்தது. அப்படிப் போனவன் மெல்சோர், தோரிபியோவுக்குப் பக்கத்து வரிசையில் பத்து வருடம் கரும்பு வெட்டியவன். பண்ணையில் ஒரு பழக்கம், என் அப்பா காலம்வரை இருந்தது: பின்னால் வருபவன் கத்தியை ஓங்கும்போது "ஹோய்" என்று நீட்டிக் குரல் கொடுப்பான், முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்க்காமல் குனிந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தவர்களுக்குக் காது போயிருக்கிறது. கரும்பை அடியோடு வெட்டாமல் உயரத்தில் வெட்டினால் சவுக்கடி.

மலைச்சரிவில் நடந்த சண்டையில் வெடிமருந்து நனைந்துபோய் இரண்டு பக்கமும் கத்தியோடு மோதின. மனுவில் இருப்பதைத்தான் சொல்கிறேன், கூட்டவில்லை. குதிரைகள் தங்கள் குடலையே மிதித்து விழுந்தன. பக்கத்தில் நின்றவனின் தாடை ஒரே வீச்சில் தொங்கிப்போக, அவன் அதை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நடந்தான். ஒருவனின் வயிற்றில் ஏற்றிய கத்தியைத் தோரிபியோ அவன் நெஞ்சில் கால் வைத்து மிதித்துத்தான் உருவினார். எதிரே அரசர் படைக்காரன் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு வேறொருவனை வெட்டிக்கொண்டிருந்தான். இவர் கத்தியை ஓங்கினார், ஓங்கியதும் பழக்கத்தில் வாய் குரல் கொடுத்துவிட்டது. அவன் குனிந்தான். கத்தி தொப்பியை மட்டும் கொண்டுபோனது. நிமிர்ந்து திரும்பியவன் மெல்சோர். சிரித்தானாம். "அட தோரிபியோ, நீயாடா? இன்னும் உசரத்துலதான் வெட்டுற. வாங்குன சவுக்கடி பத்தலையா?" என்றானாம். பின்னாலிருந்து சார்ஜன்ட், "அங்க என்னடா கொஞ்சல்? உனக்கு விடுதலை வேணுமா வேணாமா?" என்று கத்தினார். தோரிபியோ இந்த முறை தாழ்வாக வெட்டினார், கரும்பை வெட்டுவதுபோல, கணுக்காலுக்குச் சற்று மேலே. விழுந்த பிறகு கழுத்தில், மூன்று முறை. காலில் விழுந்த முதல் வெட்டுக்கு மெல்சோர் "இப்பதாண்டா சரி" என்று சொன்னதாக எழுதியிருக்கிறது. அதை நான் நம்பவில்லை. கால் போனவன் அப்படிப் பேச மாட்டான், தோரிபியோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாக இருக்கும்.

போர் முடிந்து திரும்பியதும் எஜமான், இவன் படையிலேயே இல்லை, ஓடிப்போய் மலையில் ஒளிந்திருந்தான் என்று வழக்காடினார். சார்ஜன்ட் காய்ச்சலில் செத்துவிட்டார், பட்டாளத்தையும் கலைத்துவிட்டார்கள். சண்டையில் உன்னை அடையாளம் தெரிந்தவன் யாராவது இருந்தால் அழைத்து வா என்றார் நீதிபதி. "என்னைத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான் ஐயா, அவனை நான்தான் வெட்டினேன்" என்றார் தோரிபியோ. மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவர் பழைய வரிசைக்கே கரும்பு வெட்டப் போனார், செத்ததும் அங்கேதான்.

கல்வெட்டுக்கு இரண்டு பெயர்களை எழுதிக் கொடுக்கப்போகிறேன். மாமா குதிப்பார், குதிக்கட்டும். போகாதே என்று உனக்கு நான் எழுதவில்லை, இருபத்தாறு வயதில் அது காதில் ஏறாது. ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பாமல் கையெழுத்து மட்டும் போடாதே, இருபது வருடமாக இந்த மாதிரிக் காகிதங்களைத்தான் படிக்கிறேன். நேற்று சந்தையில் தொமிங்காவைப் பார்த்தேன், உன்னோடு ஒரே அணியில் பந்து விளையாடிய அவ்ரேலியோவின் அம்மா. "எம் புள்ளையும் பட்டாளத்துல சேந்துட்டான் சொய்லா, அவனுக்கும் குடியுரிமை தர்றாங்களாம்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. எந்த நாடு என்று கேட்டேன். நீ எழுதிய நாட்டின் எதிரி நாட்டைச் சொன்னாள்.

பெர்த்தா உனக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், நான் ஏற்றவில்லை, அணைக்கவும் இல்லை. இங்கிருந்து எடுத்துப்போன கை கால்களோடு நெடுநாள் நன்றாக இரு. அவ்ரேலியோவின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கத்தையும் படமெடுத்து இன்றே உன் கைபேசிக்கு அனுப்பிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவனோடு பேசு.

உன் அம்மா,
சொய்லா