படகில்லாத கரை

13 ஆகஸ்ட் 2025, புதன். இரவு 11.20. என் வரைபடத்தில் படகுகள்: பூஜ்யம்.

பிலிப்பைன்ஸ் கடலோர ஊர் ஒன்றுக்கு நான் போட்ட நிலப் பயன்பாட்டு வரைபடத்தை இன்று ஜோஸ்லின் பார்த்தார். எங்கள் பென்ரோஸ் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். அந்தக் கடலோர ஊர்தான் அவருடைய சொந்த ஊர்.

"இது எங்க அப்பா படகு ஏத்துற கரை. காலி நிலம்னு போட்டிருக்கீங்களே?"

செயற்கைக்கோள் படம் காலையில் எடுத்தது. அப்போது படகெல்லாம் கடலில் இருந்திருக்கும். எனக்கு உறைக்கவே இல்லை.

கொப்பரை வியாபாரம் படுத்தபிறகு அங்கே மீன்தான் பிழைப்பு. அந்தக் 'காலி நிலத்தை' விடுதி கட்டக் குத்தகைக்கு விடுவதா என்று நகரசபை வெள்ளியன்று வாக்கெடுக்கிறது. ஆதாரம் என் வரைபடம்.

மேலாளர் குகன் அண்ணாவிடம் சொன்னேன்.

"குடுத்து முடிஞ்ச வேலை. ஏன் ஐசே கிளறுறீர்?"

"தப்பாப் போட்டது நான்ண்ணா."

"ஓம். வரைபடத்துக்குக் கீழ கையெழுத்து என்ர."

நாளை:

1. மதியத்துக்கு மேல் எடுத்த படங்களை வைத்துக் கரையை மறுபடி வரைய வேண்டும்.
2. அதைக் குகன் அண்ணா மேசையில் வைத்துக் கையெழுத்துக் கேட்க வேண்டும்.
3. மறுத்தால் என் பெயரிலேயே நகரசபைக்கு அனுப்ப வேண்டும். என் விசா இந்த வேலையில்தான் தொங்குகிறது. இருந்தாலும் அனுப்ப வேண்டும்.