அறுபத்தொரு மில்லிமீட்டர்

அக்டோபர் 17
புயல் கரையை நோக்கி வருகிறது. எங்கள் மழை அளக்கும் குழுவில் ஐந்து பேர். பெரிய மழை கொட்டும் என்று அடித்துச் சொன்னது நான் மட்டும். மொட்டைமாடி மழைமானியைத் துடைத்து வைத்தாயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் இரண்டு நாள் லீவு கேட்டேன். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும்.

அக்டோபர் 18
வெறும் தூறல். "புயல் புஸ்ஸுன்னு போயிருச்சு போல" என்று பல் டாக்டர் குழுவில் எழுதுகிறார். என்னைக் குத்தத்தான் அது. சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 19
காலை எட்டு மணி. 61 மி.மீ.! உடனே படம் எடுத்துப் போட்டேன்.

மற்ற நால்வருக்கும் 6, 5, 7, 6. பிறகு டாக்டர்: "போன வருஷம் தபால்காரர் போட்ட அளவும் இப்படித்தான் இருந்துச்சு."

பொய் அளவு என்று தபால்காரரைக் குழுவிலிருந்து தூக்கியதே நான். அவர் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. இப்போது நானும் அவரும் ஒன்றா? வயிற்றெரிச்சல் பிடித்த கூட்டம்.

அக்டோபர் 20
அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் பாட்டிலில் வைத்திருந்தேன். முகர்ந்து பார்த்தால் குளோரின் வாடை. குழாய்த் தண்ணீர்! யார் வேலை? டாக்டரா? மாடி வீட்டுக்காரியா? — ஆனால் மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி எங்கள் சமையலறை ஆணியில். வீட்டில் இருப்பது நானும் என் கணவரும்.

கேட்டேன். இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சாப்பிடாம கொள்ளாம வானத்தையே பாத்துக்கிட்டிருந்த. மனசு கேக்கல. ரெண்டு டம்ளர்தான்."

ரெண்டு டம்ளர்தானாம்! என் மானத்தையே வாங்கிட்டு! கத்தினேன். அப்புறம் அழுகையாக வந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு நாள் கூட நான் தப்பாக அளந்ததில்லை.

அக்டோபர் 21
அப்படியென்றால் தபால்காரர் வீட்டில்? நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"எங்க வீட்டம்மாதான் ஊத்துனா. நீங்க தூக்குன அடுத்த வாரமே சொல்லிட்டா."

"ஏன்ணா எங்ககிட்ட சொல்லல?"

"அவளை மாட்டிவிட்டுட்டு நான் யோக்கியன்னு நிக்கச் சொல்றீங்களாம்மா?"

காபி கொடுத்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை.

அக்டோபர் 22
குழுவில் எழுதினேன்: "61 பொய் அளவு. ஊற்றியது நான். அன்றைய கணக்கை அடித்துவிடுங்கள். தபால்காரர் அண்ணனைத் தூக்கியது என் தப்பு." எழுதிவிட்டு, நான் போட்ட விதிப்படி நானே வெளியேறினேன்.

இவர் படித்துவிட்டு, "நீ எதுக்குப் பொய் சொல்ற?" என்றார்.

"நீங்க பேசாம இருங்க."

அக்டோபர் 23
ஒன்றுமில்லை.

அக்டோபர் 24
எட்டு மணி. மூன்று மில்லிமீட்டர். யாரிடம் சொல்வது என்று மாடியிலேயே நின்றேன். கைபேசி அடித்தது. தபால்காரர் செய்தி: "நம்ம மாடியில நாலு. உங்க பக்கம் எவ்வளவும்மா?"

முகர்ந்து பார்த்தேன். மழைதான். மூன்று என்று பதில் போட்டேன்.