ஊரப்பாக்கத்துக் குரல்

7 ஜூன் 1971, திங்கள்

தாம்பரத்தில் மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது. ஆனால் நல்ல செய்தி ஒன்று. நாவலாசிரியர் அசரியா என் வானொலிப் பேட்டிக்குச் சம்மதித்துவிட்டார்! பல வருஷமாக யாரையும் சந்திக்காத மனிதர். அவருடைய தங்கை ரத்தினபாய் அம்மாள் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணன் படுத்த படுக்கை, முகம் பார்க்கக் கூடாது, திரைக்கு வெளியே உட்கார்ந்துதான் கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் போச்சு.

10 ஜூன்

ஊரப்பாக்கம் போய் வந்தோம், நானும் ஒலிப்பதிவுக்கு பக்கீர் முகமதுவும். கதவு திறந்தே கிடந்தது. யாரும் எதிரே வரவில்லை. "உட்காருங்க. தங்கச்சி வெளிய போயிருக்கா" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஆண் குரல். கனமான, அவசரமே இல்லாத குரல்.

சபைக்குள் ஜாதி ஏன் இன்னும் சாகவில்லை என்று கேட்டேன்.

"ஒரே பெஞ்சுல உக்காந்து ஜெபம் பண்ணுவோம். கல்லறையில மட்டும் தனித்தனி இடம். உயிரோட இருக்கறவனைவிட செத்தவன்கிட்டதான் நமக்கு பயம்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. முடிந்ததும் மைக்கை எடுக்கத் திரையருகே போனேன். அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே, யாரோ நின்றுகொண்டு மூச்சு விட்டார்கள்.

படுத்த படுக்கை என்றல்லவா சொன்னார்கள்?

12 ஜூன்

டேப்பைப் போட்டுப் பார்த்தோம். பக்கீர் ஓரிடத்தில் நிறுத்தினார். "கிருபாக்கா, இத்த கேளுங்க. அவரு பேசிக்கினே கீறாரு. அடியில யாரோ இருமறாங்க."

"தங்கச்சி திரும்பி வந்திருப்பாங்க."

"ஆம்பள இருமல்க்கா. பேஜாரா கீது."

மறுபடி மறுபடி போட்டோம். பேச்சு ஓடுகிறது. அதன் அடியில் இருமல்.

13 ஜூன், ஞாயிறு

ஆராதனையில் பிரசங்கம் காதில் ஏறவே இல்லை.

16 ஜூன்

இன்று சொல்லாமல் போனேன், தனியாக. வாசலிலேயே அந்தக் குரல் கேட்டது. உள்ளே யாருக்கோ எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. போய்த் திரையை விலக்கிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்?

கட்டிலில் அசரியா. வாய் ஒரு பக்கம் கோணிப்போய், எச்சில் வடிய, கண் மட்டும் உயிரோடு. அவர் உதடு அசையவில்லை. ஆனால் குரல் நிற்கவில்லை. தலைமாட்டில் ஒல்லியாக, நரைத்த கொண்டையோடு ஒரு அம்மாள். அந்த வாயிலிருந்துதான் — அந்த ஆண் குரல்.

கத்திவிட்டேன்.

"பயப்படாதேம்மா" என்றார். அதே குரலில்!

பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சு போய் வெகுகாலம் ஆகிறதாம். "அதுக்கப்புறம் வந்த நாவலெல்லாம் நான் எழுதினது. அவர் பேசற மாதிரியே சொல்லிப் பாத்தாதான் எனக்கு வரி வந்தது. அப்படியே பழகிப்போச்சு. இப்போ பால்காரன்கிட்டகூட என் குரல் வரமாட்டேங்குது. தேடிப் பாத்துட்டேன்மா. இல்ல."

"உங்க பேர்லயே எழுதியிருக்கலாமே?"

"அண்ணன் சொன்னா சிந்தனை. நான் சொன்னா வாயாடி."

அசரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சினாரா, மிரட்டினாரா? தெரியவில்லை.

18 ஜூன்

ஒலிபரப்பினால் நேயர்களுக்குச் சொல்லும் பொய். அழித்தால்? பக்கீரிடம் மட்டும் சொன்னேன். "அழிக்காதீங்கக்கா. அந்தம்மா பேசினதா இந்த உலகத்துல இது ஒண்ணுதான் கீது."

டேப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பதிவு சரியாக வரவில்லை என்று மேலதிகாரி ஸ்ரீரங்கன் சாரிடம் சொன்னேன்.

2 செப்டம்பர்

அசரியா போய்விட்டார். அடக்கத்துக்குப் போனேன். ரத்தினபாய் அம்மாள் வாயே திறக்கவில்லை. துக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் தலையசைப்புதான். எனக்குத்தான் பயம். தப்பித் தவறிப் பேசிவிட்டால், பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்றல்லவா ஜனம் அலறும்!

கிளம்பும்போது என் காதோடு ஒட்டி, சத்தமே இல்லாமல், வெறும் மூச்சாகச் சொன்னார்: "ரேடியோவுக்குக் கூப்பிடு. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

19 நவம்பர்

இன்று ஸ்டுடியோவுக்கு வந்தார். அசரியா பெயரில் பிற்காலத்தில் வந்த நாவல்களை எழுதியவர் ரத்தினபாய் என்று அறிவித்தேன். எப்போது எழுதத் தொடங்கினீர்கள் என்று கேட்டேன்.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பக்கீர் நிறுத்தட்டுமா என்று கண்ணாடி வழியாகச் சைகை காட்டினார். வேண்டாம் என்றேன். காத்திருந்தோம்.

பிறகு வந்தது. அண்ணன் குரல் இல்லை. வயதான அம்மாளின் குரலும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் மெல்லிய, கூச்சப்பட்ட குரல்.

"சின்ன வயசுல... அண்ணனுக்குத் தெரியாம."

யார் பேசியது என்று அவரே திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். அந்தச் சின்னப்பெண் பதில் சொல்லத் தொடங்கினாள்.