ஏரிக்குள் இறங்கிய சைக்கிள்

ஆசை அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. பழக்கம் விடவில்லை.

நீ பார்த்த வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் அதே வேலை, அதே பை, அதே சைக்கிள். பேர்ப் பட்டியல் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. போனில் மேப்பைத் திறந்து, சைக்கிள் படத்தை அழுத்தி, அது சொல்கிற பக்கம் மிதிக்கிறேன். முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருக்கிறது. நீ எப்படித்தான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாய்?

போன வாரம் காட்டூரிலிருந்து ஏரிக்கரைக் குப்பத்துக்கு ஒரு குறுக்கு வழி காட்டியது. கோடையில் அது பாதையாக இருந்திருக்கும். மழைக்கு ஏரி ஏறிவிட்டது போனுக்குத் தெரியுமா? முன்சக்கரம் சேற்றில் புதைந்தது. "நேராகச் செல்லவும்" என்றது போன். மாத்திரைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, ஏரிக்குள்ள சைக்கிள் வுட்டுக்குனு வர்றே?"

"போன் இப்டித்தான் காட்டிச்சு."

"அது காட்னா எறங்கிடுவியா? இரு, வர்றேன்."

இருவருமாகச் சைக்கிளைக் கரைக்குத் தூக்கினோம். பேர் முனியம்மா என்றார். என் பட்டியலில் இருக்கிற பேர். பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"செல்வி அனுப்பிச்சுதா? மாத்திர தீந்து ரெண்டு வாரமாச்சு. அது வராம இருக்காதேனு பாத்துக்குனே இருந்தேன்."

"அக்கா இல்லம்மா. காய்ச்சல்ல போயிடுச்சு."

அவர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். பிரஷர் எகிறியிருந்தது. மாத்திரை நின்றதாலா, நான் பட்டென்று போட்டு உடைத்ததாலா? மாத்திரை கொடுத்து, அவர் கையைப் பிடித்தபடி கூடவே உட்கார்ந்திருந்தேன். மறுபடி பார்த்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது. போதும் என்று அவர் எழுந்து, நான் வேண்டாம் என்றாலும் கேட்காமல், எனக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "செல்வி பூட்ச்சு. இது அதோட தங்கச்சி."

மற்ற ஊர்களில் அதை நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வேன், அக்கா?

நாளைக்குச் சுண்ணாம்புக்குளம் பக்கம். முதலில் மாத்திரையை விழுங்கவைப்பேன், அப்புறம்தான் உன் செய்தி. ஒரு வீட்டையும் விடமாட்டேன்.

உன் கேரியரில் உட்கார்ந்தே ஊர் சுற்றிய தங்கச்சி,
மல்லிகா