சத்தம்தான், வேறொன்றுமில்லை

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் நகராட்சிக் கணக்கெடுப்புக்காக உன் வீட்டுக்கும் வந்தேன். வார்டில் பிள்ளைகளுக்கு ஆபத்து வருமுன்பே எந்தக் குடும்பத்துக்குத் துணை வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதினால் ஆலோசகர் வீட்டுக்கு வருவார், அத்தானிடமும் பேசுவார்.

"வீட்டுல சண்டை உண்டா?" என்று படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஒங்க அத்தான் சத்தந்தான் போடுவாரு, வேற ஒண்ணுமில்ல ஏட்டி. தறிச் சத்தத்துல அதுவும் கேக்காது," என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நம் ஊரில் வாத்தியார் திட்டினாலும் சத்தம் போட்டார் என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எதையும் மறைத்துவிடலாம். ஆனால் வாசலில் அத்தானின் பைக் வந்து நின்றதும் உன் மகள் தாரணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பார்த்தேன். பார்த்த பிறகுதான் 'உதவி தேவையில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். நம் வீட்டு விஷயம் என் கையெழுத்தோடு ஆபீசுக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

மூன்றே வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அரசுக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். கைக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

"இங்கன சத்தமே இல்ல சித்தி. அம்மாவையும் கூட்டிட்டு வாரியா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை குழந்தைகள் நலக் குழுவில் விசாரணை. அந்தப் படிவத்தைக் காட்டிக் கேட்பார்கள். பார்த்ததைச் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும். நீயும் வா அக்கா. அந்தக் கேள்வியை இந்த முறை உன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

உன் தங்கச்சி