லெட்டி ஏன் போனாள்?

ரீனோ
10 அக்டோபர் 1984

அன்புள்ள எம்மெட்,

நலம். அக்கா வில்லாவின் இடுப்பெலும்பு கூடிவிட்டது. கைத்தடி இல்லாமலே கடைக்குப் போய் வருகிறாள். அப்படியானால் நான் ஏன் இன்னும் பண்ணைக்குத் திரும்பவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இங்கே நூலகத்தில் செவ்வாய்தோறும் ஒரு நாவலைப் பாடமாக நடத்துகிறார்கள். சேர்ந்துவிட்டேன். நம்மைப் போல ஒரு மாட்டுப் பண்ணைக் குடும்பத்தின் கதை. பண்ணைக்காரன் ஹோரஸ், தன் அப்பா புதைத்து வைத்த தங்கத்தைக் கண்டெடுக்கிறான். மனைவி லெட்டியிடம் மூச்சு விடாமல் வேறிடத்தில் புதைத்துவிடுகிறான். அவளோ மாவுச் சாக்கைப் பிரித்து உடுப்புத் தைத்துக்கொள்கிறாள்.

ஏன் மறைத்தான் என்று ஆசிரியை கேட்டார். சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் மேவிஸ், "இதுல என்ன கேள்வி? கஞ்சப் பய. மாட்டோட சேத்துக் கட்டிப் போடணும்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறெப்படித் தோன்றுகிறது என்றும் தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்? தொலைபேசியில் உனக்கு வாய் எழாது. எழுது.

உன்
வெர்னா

எல்கோ
24 அக்டோபர்

வெர்னாவுக்கு,

மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்கியாகிவிட்டது. இரண்டு குறைகின்றன. பனி முந்திக்கொண்டது.

நீ சொன்ன நாவலை வாங்கினேன். தீவனக் கடையில் பக்கத்துப் பண்ணை லைல் பார்த்துத் தொலைத்தான். "என்னய்யா எம்மெட், பொண்டாட்டி ஊருக்குப் போனதும் காதல் கதை கேக்குதா?" என்றான். "மாட்டுக் கதைடா" என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

ஹோரஸ் செய்ததில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. தங்கம் வெளியே வந்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போவார்கள், நிலம் கேட்பாரற்றுக் கிடக்கும். எனக்குப் புரியாதது வேறு. ஒன்பதாம் அத்தியாயத்தில் லெட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். தங்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஹோரஸ் குடிப்பவன் அல்ல, கை நீட்டுபவனும் அல்ல. பிறகு ஏன் போனாள்? எழுதியவர் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஆசிரியையிடம் கேள்.

எம்மெட்

ரீனோ
5 நவம்பர்

அன்புள்ள எம்மெட்,

நீ படித்தாய் என்றதும் வில்லாவுக்கு நம்பவே முடியவில்லை. எனக்கும்தான்.

எழுதியவர் மறக்கவில்லை. எட்டாம் அத்தியாயத்தில் அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்களே, அதை மறுபடி படி. அவசரமில்லாமல் படி.

குளிருக்கு உன் பழைய மேலங்கி போதாது. புதியது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

உன்
வெர்னா

எல்கோ
23 நவம்பர்

வெர்னாவுக்கு,

மேலங்கி கிடைத்தது.

அந்தச் சாப்பாட்டைப் படித்துப் படித்துத் தாள் மடங்கிவிட்டது. "காட்டு வாத்தெல்லாம் இன்னைக்குக் கிளம்பிடுச்சு" என்கிறாள் அவள். "உப்ப இந்தப் பக்கம் தள்ளு" என்கிறான் அவன். அவ்வளவுதானே? அவனுக்கு உப்பு வேண்டியிருந்தது. வாத்துகள் குளிருக்குப் பயந்து ஆண்டுதோறும் தெற்கே போகின்றன. லைலிடம் கேட்டேன். "சமையல்ல உப்பில்லன்னு குத்திக் காட்டிட்டான்ல, அதான் கோவம்" என்கிறான். அதுவா?

நாமும் அப்படித்தானே சாப்பிடுவோம், வெர்னா?

டிசம்பர் முதல் செவ்வாய் கடைசி வகுப்பு என்று வில்லா போனில் சொன்னாள். மாடுகளை லைல் பார்த்துக்கொள்வான். வருகிறேன். பின்னால் உட்கார விடுவார்களா என்று கேட்டு வை.

எம்மெட்

ரீனோ
6 டிசம்பர்

அன்புள்ள எம்மெட்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று லைல் சொன்னான்.

நீ பேசுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு எழுந்து நின்றாய். "அவ வாத்தப் பத்திப் பேசலன்னு மட்டும் தெரியுது. வேற எதப் பத்தின்னு எனக்கு விளங்கல. அவனுக்கும் விளங்கியிருக்காது. ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாய். மேவிஸ்கூடச் சிரிக்கவில்லை. நான் குனிந்து புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்து எதுவும் தெரியவில்லை.

பிறகு வில்லா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாய். எஞ்சினை நிறுத்தவில்லை. நான், "இந்த ஊர்ல சாயங்காலம் மல மேல ஒரு வெளிச்சம் வருது, எம்மெட்" என்றேன். நீ, "வின்னமக்கா தாண்டினா ரோடு உறைஞ்சிரும், கிளம்பறேன்" என்றாய்.

நீ போன பிறகு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பனியில் நின்றேன். வில்லா வந்து உள்ளே இழுத்துப்போனாள்.

ஜனவரி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. உன்மேல் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

வெர்னா

எல்கோ
11 டிசம்பர்

அன்புள்ள வெர்னா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு உறைத்தது. லவ்லாக் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். திரும்பலாம் என்றுதான். திரும்பி வந்து என்ன சொல்வதென்று தெரியாமல் காப்பி குடித்துவிட்டு இந்தப் பக்கமே ஓட்டினேன்.

அந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னாயே, என்ன சொல்ல வந்தாய்? அந்த ஊர் பிடித்துவிட்டது, இனி வரமாட்டேன் என்பதா? இறங்கிக் கொஞ்ச நேரம் இரு என்பதா? ஒரு நாள் முதலாவதுதான் என்று தோன்றுகிறது. மறுநாள் இரண்டாவது. இரண்டும் நேரெதிர். எனக்குப் பிடிபடவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வா என்று கேட்கவில்லை. இதற்கு மட்டும் பதில் எழுது. படித்துப் புரியாவிட்டால் மறுபடி கேட்பேன்.

உன்
எம்மெட்