நாலு தரம் என்றீர்கள்

மதினி,

இன்று காலை உங்கள் மூட்டையை அவிழ்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக என் பெட்டகத்தின் அடியில் கிடந்த மூட்டை. மகன் ஆள் அனுப்பியிருந்தான். பேரப்பிள்ளைக்குத் தொடையிடுக்கெல்லாம் வெந்து கிடக்கிறதாம், கடையில் வாங்கிப் பூசிய எதற்கும் மசியவில்லையாம், பழைய சீலைத் துண்டுகள் இருந்தால் உம்மாவிடம் வாங்கி வரச் சொன்னானாம். பழைய சீலை என்று கேட்டதும் என் கை நேரே அந்தப் பெட்டகத்துக்குத்தான் போனது.

முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் இளக்கினேன். அவிழ்த்ததும் வசம்பு வாசம் வந்தது. உள்ளே பதினொரு துண்டுகள். கூடப்பிறந்த என் காக்கா, உங்கள் மாப்பிள்ளை, உடுத்துத் தேய்ந்த சாரன்களைக் கிழித்து, ஓரம் மடித்து, பச்சை நூலால் நீங்கள் தைத்த துண்டுகள். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. உடனே உங்கள்மேல் எரிச்சல் வந்தது.

ஓம் மதினி, இன்றும் எரிச்சல்தான். மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே நினைக்க வேண்டும் என்பார்கள். நான் நல்லதைத்தான் நினைக்கிறேன். உங்களைப் பற்றிய அந்த நல்லதுதான் என்னை எரிக்கிறது.

கல்லோயா அணைத் தண்ணீர் புதிதாக வயல்களுக்கு வரத் தொடங்கிய காலம் அது. இதே மகனுக்கு அப்போது பதினாறு மாதம். அதற்குள் எனக்கு அடுத்தது தங்கிவிட்டது. வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதுக்குப் பால் கொடுத்தால் இரண்டுக்கும் ஆகாது என்று எங்கள் மருதமுனைப் பெண்கள் ஆளுக்காள் சொன்னார்கள். பால் மறக்கடிக்க வேண்டியதாயிற்று. கசக்கிற கரியபோளத்தைக் குழைத்து மார்பில் பூசினேன். முதல் நாள் வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பினான். இரண்டாம் நாள் என் முந்தானையை இழுத்து அதைத் துடைத்துவிட்டுக் குடித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. என்னை விட்டு இருக்க மாட்டான் என்ற பெருமை.

அந்தச் சமயத்தில்தான் புண்ணும் வந்தது. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, உரிந்து, தண்ணீர் பட்டாலே வீரிட்டான். தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போட்டேன். வேப்பிலை அவித்துக் கழுவினேன். ஆஸ்பத்திரியில் ஊதா நிற மருந்து பூசி அனுப்பினார்கள். துணிதான் ஊதாவானது, புண் அப்படியே இருந்தது. இத்தனைக்கும் என் பிள்ளைக்குப் பழந்துணி கட்டியதில்லை. வீட்டில் தறி ஓடுகிறது, அறுத்தெடுத்த சாரனின் கடைசித் துண்டுகளை என் கணவர் கொண்டு வந்து தருவார், மொடமொடவென்று புதுத்துணியாகக் கட்டுவேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்கட்டும் என்று வேலியில் வரிசையாகக் காயவும் போடுவேன்.

காக்காதான் ஒரு நாள் வந்து, "உம்மாட வாசம் பட்டுக்கொண்டிருந்தா எந்தப் புள்ளதான் மறக்கும்? எட்டு நாளைக்கி எங்கட வீட்ட விடு, மதினி பாத்துக்குவா" என்றார். நான் யோசித்தேன். கலியாணம் முடித்து உங்கள் வீட்டுக்கு, சாய்ந்தமருதுக்கு, அவர் வந்து நாலு வருஷம். உங்கள் முதல் பிள்ளை நாற்பது கழிந்து சில நாளில் மௌத்தாகி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டி உங்களுக்குப் பால் வற்றிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். உங்கள் மனது கொஞ்சம் ஆறட்டுமே என்றுகூட நினைத்தேன், மதினி. தருமம் செய்கிறவள் மாதிரிப் பிள்ளையைக் காக்காவின் கையில் கொடுத்து மாட்டுக் கரத்தையில் ஏற்றிவிட்டேன்.

எட்டாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன். பகல் நேரம். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன், அது கல்லாகிக் கனத்துக்கொண்டிருந்தது. வேலிக் கடப்பைத் திறந்து வளவுக்குள் வந்தேன். கொடியில் பச்சை ஓரம் தைத்த துணிகள் காய்ந்தன. அடுப்படி நிழலில் பாயில் நீங்கள் இருந்தீர்கள். பிள்ளை ஒன்றுமே கட்டாமல் உங்கள் மடியில் கிடந்தான். நான் முதலில் கண்டது அவன் தொடையை. புண் இல்லை. புதுத் தோல் மினுங்கியது. பிறகுதான் அவன் வாயைப் பார்த்தேன். உங்கள் மார்பில் இருந்தது. கடைவாயில் பால் வழிந்தது.

அந்தக் கணம் என் மார்பும் சுரந்தது. கட்டு நனைந்து, சட்டை நனைந்து, உங்கள் முற்றத்தில் அப்படியே நின்றேன்.

"அழுகய நிப்பாட்ட ஏலாமப் போய்ட்டு மச்சி" என்றீர்கள். குற்றம் செய்தவர் குரல் இல்லை அது, ஏதோ அதிசயம் கண்டவர் குரல். "வறண்டு போன மார்புதானே, சும்மா வாயில கிடக்கட்டும் எண்டுதான் வச்சன். மறுகா பால் வந்திட்டு. பாருங்களன், பால் வந்திட்டு."

நான் சொன்னது உங்களுக்கு நினைவிருந்திருக்கும். கடைசி வரைக்கும் இருந்திருக்கும். "எண்ட புள்ளய வச்சித்தானா உங்கட புள்ளய மறக்கணும்?" என்று கேட்டேன். நீங்கள் அவன் வாயை விரலால் மெல்ல எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, என் பக்கம் நீட்டினீர்கள். அவன் வரவில்லை. உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டினான். அந்தச் சின்ன முதுகை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிய்த்தெடுத்துத்தான் கொண்டு வந்தேன். வழியெல்லாம் உங்கள் ஊர்ப் பக்கமே கையை நீட்டி அழுதான். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் புண் திரும்பி வந்தது. உங்கள் கண்ணூறு என்று சொன்னேன், மதினி. அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். மிளகாய் சுற்றிப் போட்டேன். தண்ணீர் ஓதி வாங்கித் தெளித்தேன். அந்த வாரம்தான் காக்கா இந்த மூட்டையைக் கொண்டு வந்தார். "தறித் துணியில கஞ்சி இரிக்கி, மூத்திரம் பட்டா அது புளிச்சித் தோல அறுக்கும், பழசக் கட்டட்டாம், வெயில் நேரம் காத்தோட்டமா விடட்டாம். மதினி சொல்லச் சொன்னா" என்றார்.

நெசவுக்காரர் வீட்டுக்குத் துணியைப் பற்றி மீன்பிடிக்கிற ஊர்ப் பெண் பாடம் சொல்வதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, தூரிகையால் இழுத்துக் காயவைக்கிறவள் நான்தானே, எனக்குத் தெரியாத கஞ்சியா? மூட்டையைப் பெட்டகத்துக்குள் எறிந்தேன். பத்து நாள், மதினி. நீங்கள் சொன்னது சரி என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே பத்து நாள் கஞ்சித் துணியைக் கட்டி என் பிள்ளையை அழ வைத்தேன். இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

கடைசியில் என் தறித் துண்டுகளைச் சாம்பல் போட்டு நாலைந்து தரம் அவித்து, அடித்துத் துவைத்து, கஞ்சியெல்லாம் போன பிறகு கட்டினேன். புண் ஆறியது. நானே கண்டுபிடித்த வைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உங்கள் துணி ஒன்றையும் தொடவில்லை.

புண் ஆறியும் என் மனது ஆறவில்லை. ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் பிள்ளைக்குத் தாய் ஆகிவிடுவாளே. எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த லெப்பையின் மனைவியிடம் போய், யாரோ ஒருத்தியின் கதை போலக் கேட்டேன். "ரெண்டு வயசுக்குள்ள, அஞ்சு தரம், வயிறு நெறயக் குடிச்சிரிக்கணும். அப்பதான் பால் புள்ள. ஒண்டு குறஞ்சாலும் இல்ல" என்றார். அந்த ஒன்று குறைவதில் என் உயிரே தொங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். நலம் விசாரிக்க வந்தவள் மாதிரி வெற்றிலை எல்லாம் கொண்டு வந்தேன். நீங்கள் வெற்றிலைத் தட்டை எடுக்கக் குனிந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"எத்தின தரம் குடுத்தீங்க மதினி?"

நீங்கள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். உங்கள் வாப்பா பள்ளியில் ஓதிக்கொடுத்தவர். நான் எதற்குக் கேட்கிறேன் என்று உங்களுக்கு விளங்காமல் இருந்திருக்காது.

"நாலு" என்றீர்கள். "நாலு தரம்தான் மச்சி."

எட்டு நாள். பதினாறு மாதப் பிள்ளை. வற்றிய மார்பில் பால் ஊறிக் கடைவாயில் வழிகிற அளவுக்குக் குடித்தவன். நாலு தரத்தில் அது நடக்குமா? பொய் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். பொய்யே சொல்லாத வாயால் எனக்காகச் சொன்ன பொய். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வெற்றிலை போட்டு, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு உங்களுக்குப் பிள்ளையே கிடைக்கவில்லை. அப்போதும் நான் அந்தப் பொய்யைத் திருப்பித் தரவில்லை.

அவன் வளர்ந்தான். பெருநாளுக்குப் பெருநாள் உங்கள் வீட்டுக்கு ஓடுவான். என் வீட்டு வட்டிலப்பத்தைக் கிண்டிவிட்டு உங்கள் வீட்டில் போய் வழித்துத் தின்பான். பதினாலு வயது இருக்கும், ஒரு நாள் முகம் வாடி வந்தான். "மாமி எனக்கு முன்னால முக்காடு போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால நிண்டு கதைக்கிறா. நான் என்ன பிழ செஞ்சன்?" என்று கேட்டான். "நீ பெரிய ஆளாகிட்டாய் மகன். மாமியெண்டா அந்நியம்தானே" என்றேன். பால் தாய் என்றால் பிள்ளைக்கு முன்னால் முக்காடு வேண்டியதில்லை, நீங்கள் சொன்ன நாலைக் காப்பாற்றத்தான் முக்காடு போட்டீர்கள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், யாரும் பார்க்காமல் சந்தோஷப்பட்டேன். அன்று மீன் ஆணம் நன்றாக வந்தது என்று அவன் வாப்பா சொன்னார்.

உங்கள் மையித்து எடுத்த அன்று, உங்களைக் குளிப்பாட்ட நானும் கை கொடுத்தேன். கபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தோம். முகம் பார்க்க உரிமையுள்ள நெருங்கிய ஆண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போனார்கள். அந்நியம் என்று அவன் திரைக்கு அந்தப் பக்கம் நின்றான். வளர்ந்த ஆண், கலியாணம் பேசிவைத்த ஆண், சின்னப் பிள்ளை மாதிரி விம்முவது திரைக்குள் கேட்டது. என் மௌத்துக்கு இவன் இப்படி அழுவானா என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைப் போல ஒருத்தியை அல்லாஹ் எதற்குப் படைத்தான் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் கேட்டுக்கொண்டேன்.

குளிப்பாட்டிய பெண் முகத்தை மூடக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன். "அவன உள்ளுக்கு விடுங்க. அவன் பால் குடிச்ச புள்ள."

எல்லாரும் திரும்பினார்கள். "எத்தின தரம்?" என்று அவர் கேட்டார்.

"அஞ்சுக்கும் மேல. எட்டு நாள் குடிச்சான். எண்ட கண்ணால கண்டன். நாலு எண்டு இவ சொன்னது எனக்காகத்தான்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?" என்று யாரோ கேட்டார்கள். நான் போய்த் திரையைப் பிடித்துக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்து என்னைக் கடந்து உள்ளே போனான். திரைக்கு வெளியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

இந்தத் துண்டுகளை இன்று விரித்துப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் விளங்கியது. இவை பதினாறு மாதப் பிள்ளைக்கு அளந்தவை அல்ல. சின்னவை. கைக்குழந்தைக்கு அளந்து, பச்சை நூல் தேடி, ஓரம் பிசிறாமல் தைத்தவை. நாற்பது சொச்சம் நாள் மட்டும் கட்டியவை. உங்கள் பிள்ளைக்குத் தைத்ததை என் பிள்ளைக்குக் கட்டியிருக்கிறீர்கள். அதைத்தான் எனக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். பதினொன்றையும் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன், மதினி. பின்னேரம் கொடுத்துவிடுவேன். யாருடைய துணி என்று மருமகளிடம் சொல்லியே கொடுப்பேன். சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மையித்து அன்று திரைக்குள் வந்தவன் உங்கள் பக்கத்தில் முழங்காலிட்டு, நெற்றியில் கையை வைத்து, "உம்மா" என்றான்.

"ஓம் மகன்" என்றேன் நான், திரையைப் பிடித்தபடி.

அவன் திரும்பவில்லை. அவன் கூப்பிட்டது என்னையல்ல. ஒன்பது வருஷமாகிறது. இன்றும் அவன் கடப்பில் நின்று "உம்மா" என்று கூப்பிட்டால், கொஞ்சம் பொறுத்துத்தான் ஓம் என்கிறேன்.